சுழலும் கல்லும் மூன்றாவது ஓலையும்

டேனி,

இதை நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி. நான் உனக்குக் கடிதம் எழுதுவது இது இரண்டாவது முறை. முதல் கடிதம் நீ ஹாஸ்டலில் இருந்தபோது எழுதியது. அதில் மொத்தமே மூன்று வரி, மூன்றும் துணி துவைக்கிற சோப்பைப் பற்றி. இது கொஞ்சம் நீளம். போனிலேயே சொல்லிவிடலாம் என்று இந்த வாரம் நான்கு தடவை உன்னைக் கூப்பிட்டேன். நான்கு தடவையும் "சாப்ட்டியா, அங்கன மழையா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். கோயம்புத்தூர் மழையைப் பற்றி அப்பாவுக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று நீ நினைத்திருப்பாய்.

உனக்கும் ஷீபாவுக்கும் சர்ச்சில் இரண்டு ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது. குருவானவர் உங்கள் இருவர் பெயரையும் வாசித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை சொல்ல யாருக்காவது காரணம் தெரியுமா என்று சபையைப் பார்த்துக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பாரே, அந்த இடைவெளியில் இரண்டு வாரமும் எனக்கு வேர்த்துக் கொட்டியது. "ஃபேனுக்கு நேர் கீழ உக்காந்துக்கிட்டு ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?" என்று உன் அம்மா கேட்டாள். சுகர் கூடியிருக்கும் என்று சொல்லி வைத்தேன். வருகிற ஞாயிறு மூன்றாவது ஓலை, கடைசி ஓலை. அதற்கு நீயும் வருகிறாய். அதற்குள் உனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். இந்தத் திருமணத்துக்கு ஏற்கெனவே ஒருவன் தடை சொல்லியிருக்கிறான். அது நான்தான்.

பதறாதே. இப்போது ஒரு தடையும் இல்லை. மண்டபம் இருக்கிறது, பிரியாணிக்காரர் இருக்கிறார், உன் அம்மா எடுத்த பட்டுச் சேலைக்கு மட்டும்தான் இன்னும் பிளவுஸ் தைத்து வரவில்லை. நான் சொல்வது போன வருடத்துக் கதை. அதை முதலிலிருந்து சொல்கிறேன், இல்லாவிட்டால் என்னை நீ பாதியிலேயே தீர்த்துக்கட்டிவிடுவாய்.

நீ முதன்முதலாக ஷீபாவைப் பற்றிச் சொன்ன அன்று, பெண் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டேன். பெங்களூரில் ஆராய்ச்சி செய்கிறாள், வானத்தில் போகிற சிறுகோள்கள் எவ்வளவு நேரத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றுகின்றன என்று கண்டுபிடிக்கிறாள் என்றாய். "கல்லு சுத்துனா சுத்திட்டுப் போகுது, அதுக்கு ஒரு சம்பளமா" என்று நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், பையன் கைவிட்டுப் போய்விட்டான் என்று. சாத்தான்குளத்தில் அவளுடைய அப்பா, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், நல்ல மனிதர். எல்லாம் கூடி வந்தது. சித்திரையில் அவளுக்கு அந்தக் கடிதம் வந்தது: சிலி நாட்டில், மலைமேல் இருக்கிற ஒரு வானாய்வகத்தில் இரண்டு வருட வேலை, அடுத்த ஏப்ரலில் சேர வேண்டும். நீ அதைச் சொல்லும்போது உனக்கே வேலை கிடைத்ததுபோல் உன் குரல் இருந்தது. இரண்டாவது வருடம் நீயும் அங்கே போவதாகச் சொன்னாய். எனக்கோ நீ ஒரே பிள்ளை. சிலி எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேடினேன். அதற்கு அப்பால் நாடே இல்லை, கடல்தான்.

என் தொழில் உனக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன். முப்பது வருடம் துறைமுகத்தில் நான் செய்ததெல்லாம், சுற்றுகிறதைச் சுற்றவிடாமல் நிறுத்துவது. காற்றாலைக் காற்றாடியின் இறக்கையைக் கிரேன் தூக்கிக் கப்பலில் ஏற்றும்போது, நம் வீட்டின் நீளத்தைப்போல் நாலைந்து மடங்கு நீளமாக அது அந்தரத்தில் தொங்கும். கடற்காற்று லேசாகப் பட்டால் போதும், திரும்ப ஆரம்பித்துவிடும். அதனால்தான் இரண்டு முனையிலும் கயிறு கட்டி ஆட்கள் தரையில் நின்று பிடித்துக்கொள்வது. நான் நடுவில் நின்று கிரேன்காரனுக்குக் கைச்சாடை காட்டுவேன். மூடிய முஷ்டி என்றால் நிறுத்து. ஒற்றை விரலைக் கீழே நீட்டிச் சுழற்றினால் இறக்கு. இந்தச் சாடைதானே நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் நடந்தது. உன் அம்மா சோற்றுக் கரண்டியோடு வரும்போது நீ ஆறு வயதிலேயே முஷ்டியை மூடிக் காட்டுவாய், மீன் குழம்பு என்றால் விரலைக் கீழே நீட்டிச் சுழற்றிக்கொண்டே இருப்பாய். "இது வீடா, கப்பல் நிக்கிற பெர்த்தா" என்று அவள் கத்துவாள். சர்ச்சில் பிரசங்கம் நீண்டால் நீயும் நானும் பெஞ்சுக்குக் கீழே ஒருவருக்கொருவர் முஷ்டி காட்டிக்கொண்டதை அவளுக்கு இன்றுவரை சொல்லவில்லை.

ஆக, திரும்புகிற எதையும் பார்த்தால் கயிற்றைப் பிடித்து இழுப்பதுதான் என் கைக்குத் தெரிந்த வேலை. ஒரு சனிக்கிழமை, பேக்கரியில் ஒரு கிலோ மக்ரூன் வாங்கிக்கொண்டு, உன் அம்மாவிடம் நாசரேத்தில் ஒரு துஷ்டி, சாவு வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, சாத்தான்குளத்துக்குப் பஸ் ஏறினேன். ஷீபாவின் அப்பாவிடம் உட்கார்ந்து சொன்னேன்: "பிள்ளை வெளிநாடு போறது டேனிக்கு உள்ளுக்குள்ள பிடிக்கல. அவன் வாயத் தொறந்து சொல்ல மாட்டான். நீங்கதான் பாத்து முடிவு பண்ணணும்." அவர் மக்ரூனைத் தொடவில்லை. "தம்பி அப்படி நினைச்சா அவ தெரிஞ்சுக்கிடட்டும்" என்று மட்டும் சொன்னார். என் பயத்தை உன் பெயரில் சொல்லிவிட்டு வந்தேன், டேனி. அவள் போகாமல் இருந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் போகிறேன் என்று முடிவெடுத்து, உன்னை விட்டுவிட்டாள்.

நீ அந்த வாரம் வீட்டுக்கு வந்து, "அவ நிறுத்திட்டாப்பா, காரணம் கேட்டா உனக்கே தெரியும்ங்கா" என்று சொன்னபோது நான் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்தையே நான்கு தடவை புரட்டினேன். அடுத்த நான்கு மாதம், ஊருக்கு வந்தபோதெல்லாம் நீ கூட்டில் அடைந்த கோழி மாதிரி இருந்தாய். மீன் குழம்புக்கும் முஷ்டி. அதைப் பார்த்துக்கொண்டே நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நான் செய்த தப்பு சாத்தான்குளத்துக்குப் போனதல்ல, அதை ஒரு முட்டாள்தனம் என்று தள்ளிவிடலாம். இந்த நான்கு மாத மௌனம்தான் தப்பு. அதற்காகத்தான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆனி மாதம் என் மணிக்கட்டு உடைந்ததே, கப்பல் ஏணியில் வழுக்கியது என்று சொன்னேனே, அதுவும் பொய். அன்று ஒரு முனைக்கு ஆள் குறைவு, நானே கயிற்றைப் பிடித்தேன். கயிற்றைக் கையில் சுற்றிப் பிடிக்கக் கூடாது, வெறுமனே பிடிக்க வேண்டும், இறக்கை இழுத்தால் விட்டுவிட வேண்டும். இதுதான் முதல் பாடம். இதை மீறிய எத்தனை பேரைப் பார்த்து நான் ஏலே என்று கத்தியிருப்பேன். லீவில் வந்திருந்த நீ அன்று காலையில் தோசையைப் பிய்த்துக்கூடப் பார்க்காமல் எழுந்து போனது மண்டைக்குள்ளேயே இருந்தது. என்னை அறியாமல் கயிற்றை இரண்டு சுற்று கையில் சுற்றியிருக்கிறேன். காற்று அடித்தது, இறக்கை திரும்பியது, என்னையும் இழுத்துக்கொண்டு போனது. பத்தடி தூரம் தேர் இழுத்ததுபோல் போனேன். இறக்கைக்கு ஒரு கீறல்கூட இல்லை. வெட்கத்தில் ஏணி என்று சொன்னேன். ஏணிக்கு வாய் இருந்தால் என்மேல் வழக்குப் போட்டிருக்கும்.

கையில் மாவுக்கட்டோடு என்னை வாசல் அலுவலகத்தில் சும்மா உட்கார வைத்திருந்தார்கள். ஆவணியில் ஒரு நாள் சாயங்காலம், துறைமுக வாசலுக்கு எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். ஷீபா பஸ்ஸில் வந்து இறங்கினாள். நேராக வந்து என் எதிரே நின்றாள்.

"மாமா, டேனிக்கு நான் போறது பிடிக்கலன்னு அப்பாட்ட வந்து சொன்னியளே. அத அவன் உங்ககிட்ட சொன்னானா, இல்ல நீங்களா சொன்னியளா?"

"கை உடஞ்சு கெடக்கேன், அதக் கேக்கலையே தாயி."

"அதையும் கேப்பேன். முதல்ல இது."

எனக்குத் தப்பிக்க வழி தெரியவில்லை. அவளிடம் அந்தக் கல்லைப் பற்றிக் கேட்டால் உலகத்தையே மறந்துவிடுவாள் என்று நீ ஒரு தடவை சொன்னது ஞாபகம் வந்தது. "ஆமா, அந்தக் கல்லெல்லாம் எதுக்குத்தான் சுத்துது?" என்று கேட்டேன். அவளுக்கு என் தந்திரம் புரிந்தது, முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் விட முடியவில்லை அவளால். கடை வாசலில் கயிற்றில் தொங்கிய நாட்டு வாழைப்பழத் தார் பக்கம் போனாள். பாதிப் பழம் விற்று, ஒரு பக்கம் மொட்டையாக இருந்த தார்.

"நடுவுல குத்துனா இது ஆடத்தான் செய்யும். ஓரத்துல குத்துனா சுத்தும்," என்று விரலால் ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டினாள். தார் திரும்ப ஆரம்பித்தது. "அங்கன கல்லும் கல்லும் மோதி, உடஞ்சு, சேர்ந்து வந்ததுதான் எல்லாம். சரியா நடுவுல மோதுறது அபூர்வம் மாமா. ஓரத்துலதான் அடி விழும். விழுந்தா சுத்தும்."

"பொறவு நிக்காதா?"

"இது நிக்கும். கயிறு முறுக்கும், காத்து தடுக்கும். அங்கன கயிறும் இல்ல, காத்தும் இல்ல. யாரு நிப்பாட்டுவா?"

முப்பது வருடம் கயிற்றைப் பிடித்தவனிடம் இப்படி ஒரு கேள்வி. எனக்கு உண்மையிலேயே ஆர்வம் வந்துவிட்டது. என்றைக்கோ பட்ட அடியிலா இன்றைக்கும் சுற்றுகிறது என்று கேட்டேன். அது மட்டும் இல்லை, வெயிலும்தான் என்றாள். "வெயில் பட்டு கல்லு சூடாகும். அந்தச் சூடு திரும்ப வெளிய போகும்போது கல்ல ஒரு பொட்டுத் தள்ளிட்டுப் போகும். கல்லு கோணல்மாணலா இருக்கதால ஒரு பக்கத் தள்ளும் மறுபக்கத் தள்ளும் சமமாகாது. அதனால மெள்ளத் திருப்பும். நீங்க தூக்குற காத்தாடி ரெக்கையக் காத்து திருப்புதுல்லா, அது மாதிரிதான். அந்தத் தள்ளு ஒரு எறும்பு ஊருற அளவுகூட இருக்காது. ஆனா லட்சக்கணக்கான வருஷம் விடாமத் தள்ளும். சில கல்லு வேகமாகும், சிலது மெதுவாகும். சிலது ஒழுங்காவே சுத்தாது, தள்ளாடிக்கிட்டே போகும்."

சொல்லிக்கொண்டே தாரை வேகமாகச் சுற்றினாள். கடைக்கார அண்ணாச்சி பாய்லருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "எம்மா, தாரப் போட்டு அப்படிச் சுத்தாத, பழம் பூரா உதிந்துரும்." அவர் சொல்லி வாய் மூடவில்லை, மூன்று பழம் மூன்று திசையில் பறந்தது. ஒன்று என் மாவுக்கட்டின் மேலேயே விழுந்தது. ஷீபா துள்ளிக் குதிக்காத குறை.

"இதத்தான் மாமா சொல்ல வந்தேன். நெறைய சிறுகோள் ஒரே கல்லு கிடையாது. கல்லும் சரளும் சேர்ந்து கெடக்க குவியல். ஒண்ண ஒண்ணு ஈர்க்குதுல்லா, அந்தக் கொஞ்ச ஈர்ப்புலதான் ஒட்டிக்கிட்டு இருக்கு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு சுத்து, அதுக்கு மேல வேகம் போனா ஓரத்துல உள்ளது பிச்சுக்கிட்டுப் போயிரும்."

"போனது எங்கன போவும்?"

"சிலது போயே போயிரும். சிலது பக்கத்துலயே ஒரு குட்டி நிலாவாச் சேர்ந்து கூடவே சுத்தி வரும்."

எனக்கு அந்தக் குட்டி நிலா மிகவும் பிடித்துப்போயிற்று. அதைப் பற்றி இன்னும் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் என் மடியிலிருந்த பழத்தை எடுத்து உரித்தபடி, எதிரே உட்கார்ந்தாள். தொலைநோக்கியில் அந்தக் கல் கல்லாகத் தெரியாது, வெறும் ஒளிப்புள்ளிதான் என்றாள். நீண்ட பக்கம் நம்மைப் பார்த்தால் புள்ளியின் வெளிச்சம் கூடும், ஒடுங்கிய முனை பார்த்தால் குறையும். எனக்கு அது நொடியில் புரிந்தது. தொங்குகிற இறக்கையும் பக்கவாட்டில் நின்றால் ஆளை மறைக்கும், முனையில் நின்று பார்த்தால் ஒரு வட்டம்தான்.

"ஆனா ஒரு சுத்துல ரெண்டு தடவ வெளிச்சம் கூடும் மாமா, நீளக் கல்லுக்கு ரெண்டு பக்கம் இருக்குல்லா. அவசரப்பட்டு ஒரு தடவையோட கணக்க முடிச்சா பாதிதான் வரும். மொத வருஷம் நான் அந்தத் தப்பப் பண்ணி, கைடுகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். நீங்க சொன்ன விஷயத்துலயும் ஒரு பக்கத்த மட்டும் பாத்துட்டு முடிச்சுட்டேனோன்னு இருந்துச்சு. போன வாரம் பெட்டிய ஒதுக்கினேன், டேனி வாங்கித் தந்த ஸ்வெட்டர் இருந்துச்சு. சிலி மலையில குளிரும்னு அவனே கோயம்புத்தூர் பூராத் தேடி வாங்குனது. போகாதன்னு நினைக்கவன் ஸ்வெட்டர் வாங்கித் தருவானா?"

ஒரு நீல ஸ்வெட்டர் என்னைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். கயிற்றைக் கையில் சுற்றியது வரை சொன்னேன். சொல்லும்போது அழுதேன். டீக்கடையில் அழுதது இதுவே முதல் தடவை. அண்ணாச்சி, கை வலியாக்கும் என்று நினைத்து ஒரு டீ இலவசமாகக் கொடுத்தார். ஷீபா கையிலிருந்த பழத்தை அப்படியே பெஞ்சில் வைத்தாள். கோபம் இருந்தது அவளுக்கு, இல்லாமலா. அப்புறம், "நாலு மாசம் மாமா. அவன் ரொம்ப மெலிஞ்சுட்டானா?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வியில் எனக்கு அவளைத் தெரிந்துவிட்டது.

நீயே அவனிடம் சொல்லிவிடு தாயி என்று கெஞ்சிப் பார்த்தேன். "மாட்டேன். நான் சொன்னா அது புகாரு. நீங்க சொன்னாத்தான் அது சொன்னது. கல்யாணம்னு ஆனா மூணு ஓலை வாசிப்பாகல்லா, கடைசி ஓலைக்குள்ள அவனுக்குத் தெரியணும். அதுக்குமேல போனா உங்களோட சேர்ந்து மறைச்சவ ஆயிருவேன் நான்." அன்றே உனக்குப் போன் போட்டு, குழப்பத்தில் நான்தான் அவசரப்பட்டுவிட்டேன் என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். நீ பஸ் பிடித்துப் பெங்களூர் போனாய். வீட்டில் மறுபடியும் மீன் குழம்புக்கு விரல் சுழன்றது. நானும் அந்தச் சந்தோஷத்திலேயே, நாளைக்குச் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று ஓட்டினேன்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஷீபா வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "இவளை நம்பாதீங்க, பாதியில ஓடுற ஆளு" என்று நீ அவளைக் கிண்டல் செய்தாய். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஒரு முந்திரிக்கொத்தை எடுத்துக் கடித்தாள், என் பக்கம் திரும்பவே இல்லை. அவளுடைய அப்பாவும் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். நான் அன்று சாத்தான்குளம் போய்ச் சொன்னது பொய் என்று அவருக்கும் தெரியும், மகள் கேட்டுக்கொண்டதற்காகப் பேசாமல் இருந்தார். ஓடி ஒளிந்தவன் நான், கிண்டல் வாங்குகிறவள் அவள். எலும்பு உடைந்தபோதுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை.

கல்யாணத்துக்கு அப்பா புத்தி சொல்ல வேண்டும் என்பது வழக்கம். என்னிடம் இருக்கிற புத்தியின் லட்சணத்தை இப்போது நீ பார்த்துவிட்டாய். ஆனாலும் ஒன்று இரண்டு சொல்லிவிடுகிறேன். அவள் சொல்வதைக் கேட்டு ஒரே தடவையில் முடிவுக்கு வராதே, மறுபக்கமும் திரும்பி வரட்டும். அவளுக்காக நீ பேசாதே, உனக்காக அவள் பேச வேண்டும் என்றும் எதிர்பார்க்காதே. யாருடைய பயத்தையும் அடுத்தவர் பெயரில் சொல்லாதே. கயிற்றைப் பிடி, பிடிக்காமல் இருக்க முடியாது, ஆனால் கையில் சுற்றிக்கொள்ளாதே. இதை ஷீபாவிடம் போன மாதம் பெருமையாகச் சொல்லி, உன் கல்லுதான் எனக்குப் பாடம் கற்றுக்கொடுத்தது என்றேன். "கல்லு யாருக்கும் பாடம் நடத்தல மாமா, அது பாட்டுக்குச் சுத்துது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் சொல்வதுதான் சரி. ஆனால் வயதான காலத்தில் ஒரு மனுஷன் எதிலிருந்தாவது கற்றுக்கொள்ள வேண்டாமா. ஏப்ரலில் அவளை விமானம் ஏற்ற நானும் வருகிறேன். ஸ்வெட்டரை நானே பெட்டியில் வைப்பேன்.

படித்து முடித்ததும் என்மேல் கோபப்பட உடனே போனை எடுப்பாய். எடு, ஆனால் முதலில் அவளைக் கூப்பிடு. "பாதியில ஓடுன ஆளு நீ இல்ல" என்று அவளிடம் சொல். கிறிஸ்துமஸுக்கு நீ செய்த கிண்டலுக்கும் சேர்த்து மன்னிப்புக் கேள். அம்மாவிடம் இன்று ராத்திரி நானே சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு கண் வீங்கியிருந்தால் காரணம் கேட்காதே.

ஞாயிறு காலை நீ நேராக சர்ச்சுக்கு வந்துவிடுவாய் அல்லவா. அம்மாவோடு உள்ளே போய் உட்கார். நான் வாசலில் செருப்புகள் கிடக்கிற இடத்தில் நிற்பேன், அங்கிருந்து நம் பெஞ்சு நன்றாகத் தெரியும். ஓலை வாசிப்பதற்கு முன்னால் ஒரு தடவை என் பக்கம் திரும்பிப் பார். பேச வேண்டாம், கையை மட்டும் காட்டு. முஷ்டியை மூடினால் அங்கேயே நிற்கிறேன், எவ்வளவு நாள் என்றாலும் நிற்கிறேன், அது உன் உரிமை. விரலைக் கீழே நீட்டிச் சுழற்றினால் உள்ளே வந்து உன் பக்கத்தில் உட்காருவேன். குருவானவர் தடை உண்டா என்று கேட்டுவிட்டு நிற்கிற அந்த நேரத்தில், இந்தத் தடவை எனக்கு வேர்க்காது.

உன் அப்பா